உழவா, உரமா? – மானாவாரி மக்காச்சோளத்தின் கதை

காரைக்கால் கடற்கரைக்கு சாயங்காலம் போனால் தள்ளுவண்டியில் கரி அடுப்பை விசிறியபடி சோளக்கருது சுட்டுக் கொண்டிருப்பார்கள். பாதி எலுமிச்சம்பழத்தை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டு மேலே தேய்த்துக் கொடுத்தால் அதன் ருசியே தனி! ஆனால் அந்தக் கருது காரைக்கால் மண்ணில் விளைவது அபூர்வம். காவிரியின் கடைமடை இது. நெல், நெல் அறுத்த பின் உளுந்து, பச்சைப்பயறு, கொஞ்சம் பருத்தி என்றுதான் இங்கே விவசாயம் ஓடுகிறது. மக்காச்சோளம் மேற்கே, பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர் என்று ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களின் பயிர்.

அப்படியென்றால் கருக்களாச்சேரி மாதிரி ஒரு மீனவ கிராமத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. காரைக்கால், நாகப்பட்டினம் கரைகளில் வலையில் விழும் விலைபோகாத பொடி மீனை மணலில் காயவைப்பார்கள். அது கோழித் தீவனத்துக்குப் போகும். அந்தத் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். ஆக, கடற்கரையின் கருவாடும் கரிசல் காட்டின் சோளமும் நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு தீவன ஆலையில் சந்தித்துக் கொள்கின்றன. முட்டை சாப்பிடும் எல்லோரும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மழையை மட்டும் நம்பி இருக்கும் நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர் முன்னால் எப்போதும் ஒரு கேள்வி நிற்கும். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை உழவுக்குச் செலவு செய்வதா, உரத்துக்குச் செலவு செய்வதா? இதைக் கேட்டவுடன் "இரண்டுக்கும்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். பணம் இருக்கிறவருக்கு அது சரி. இல்லாதவருக்கு?

இதில் ஒரு வேடிக்கை, மக்காச்சோளம் கலப்பையே இல்லாத நாட்டில் பிறந்த பயிர். தென் மெக்சிகோவில் தியோசின்டே என்ற காட்டுப்புல்லில் இருந்து சுமார் 9,000 வருஷங்களுக்கு முன் மனிதர்கள் இதை உருவாக்கினார்கள். ஸ்பானியர்கள் வந்து இறங்கும் வரை அங்கே ஏர் மாடு கிடையாது, கலப்பை கிடையாது. கூர்மையான குச்சியால் குழி போட்டு விதையை இடுவார்கள். கூடவே பீன்ஸும் பூசணியும். பீன்ஸ் காற்றில் இருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், பூசணிக் கொடி மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். உழவும் இல்லை, மூட்டை உரமும் இல்லை! வட அமெரிக்காவில் 1621-ல் புதிதாகக் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு, சோளக் குழியில் மீனைப் புதைத்து விதைக்கும்படி ஸ்குவாண்டோ என்ற பூர்வகுடி மனிதர் கற்றுக்கொடுத்ததாக அந்தக் குடியேறிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். கருக்களாச்சேரிக்காரர்களிடம் இதைச் சொன்னால் "அட, நம்ம சரக்கு!" என்பார்கள்.

போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த பயிர்களோடு இதுவும் இந்தியாவுக்கு வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் அது வந்து சேர்ந்த தமிழ் நாட்டில் உழவு பற்றி ஏற்கனவே தீர்மானமான கருத்துக்கள் இருந்தன. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037-வது குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எரு கூட வேண்டாம் என்கிறது. அடுத்த குறளிலேயே ஏர் ஓட்டுவதை விட எரு இடுவது மேல் என்கிறார் வள்ளுவர்! களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதை விடவும் காவல் காப்பது மேல் என்று முடிக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடுவதால் இந்த முரண் கண்ணில் படுவதில்லை.

முரண் என்று சொன்னாலும் முதல் குறளில் ஒரு நுட்பம் இருக்கிறது. மண்ணில் உள்ள மக்கிய பொருளில் தழைச்சத்து பூட்டிக் கிடக்கிறது. மண்ணைப் புரட்டிக் காயவிட்டு, பிறகு மழை விழுந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்து அந்தச் சத்தை விடுவிக்கும். அதனால்தான் கோடை உழவு செய்த நிலத்தில் பயிர் எரு போட்ட மாதிரி கரும்பச்சையாக எழும்புகிறது. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல்லும் மண்ணைப் பொடியாக்கினால் எரு தேவையில்லை என்றுதான் நம்பினார். ஆனால் இது வங்கியில் இருக்கும் அசலை எடுத்துச் சாப்பிடுகிற கணக்கு. வருஷா வருஷம் உழுது எடுத்துக்கொண்டே இருந்தால் மக்கு தீர்ந்துபோகும். அடுத்த குறள் அங்கேதான் வந்து நிற்கிறது.

வறண்ட பகுதி விவசாயிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கோடையில் ஆட்டுக்கிடை போடுவது, ஏரி வண்டலை வண்டி கட்டி அள்ளுவது, குப்பை அடிப்பது எல்லாம் அசலைத் திரும்பக் கட்டும் வழிகள்தான். பிரச்சினை, குப்பை போதவில்லை. சாணியில் பெரும்பகுதி அடுப்புக்குப் போனது.

இந்த இடத்தில்தான் வெள்ளைக்கார நிபுணர்கள் உள்ளே வருகிறார்கள். 1865-ல் ஆளுநர் வில்லியம் டெனிசன் முயற்சியால் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்து நீராவிக் கலப்பை வரை இறக்குமதி செய்தார்கள். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுகிறதே தவிரப் புரட்டவில்லை என்பது அவர்கள் குறை. குறை நியாயம்தான். ஆனால் இரும்புக் கலப்பையை இழுக்கும் மாடும், அதை வாங்கும் காசும் யாரிடம் இருந்தது? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மனிதர்களே செத்து விழுந்த மாகாணம் இது. தோளில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, ஊர்த் தச்சரும் கொல்லரும் சரிசெய்யக்கூடிய நாட்டுக் கலப்பையை விட்டுவிட்டு யாரும் ஓடிவரவில்லை.

இன்னொரு வெள்ளைக்காரர் கொஞ்சம் வேறு மாதிரி. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற விவசாய வேதியியல் அறிஞர் 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1893-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்திய விவசாயிக்குத் தொழில் தெரியவில்லை என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. அவனிடம் இல்லாதது எரு, அதற்குக் காரணம் விறகு இல்லாதது, விறகுக்காக மரம் வளர்த்துக் கொடுத்தால் சாணி வயலுக்கு வரும் என்றார். எலும்பும் எண்ணெய் வித்துக்களும் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போவதையும் கவனித்து எழுதினார். வணிகவியல் படிக்கிறவர்கள் இதை ஏற்றுமதி வருமானம் என்று வரவில் எழுதுவார்கள். மண்ணின் கணக்குப் புத்தகத்தில் அது பற்று. எலும்பில் போவது மணிச்சத்து, புண்ணாக்கில் போவது தழைச்சத்து.

போனதை ஈடுகட்டும் தொழிற்சாலையும் தமிழ்நாட்டில்தான் முதலில் வந்தது. 1906-ல் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1909-ல், இரண்டு காரியங்கள் நடந்தன. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றில் உள்ள நைட்ரஜனில் இருந்து அம்மோனியா எடுத்துக் காட்டினார் (1913-ல் அது தொழிற்சாலை ஆனது, இன்றைய யூரியா மூட்டைக்கு அதுதான் தாத்தா). கோயம்புத்தூரில் ஓர் உர ஆராய்ச்சி வயல் பாத்தி பிரிக்கப்பட்டது. ஒரு பாத்திக்கு தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்கு எல்லாம், ஒன்றுக்கு தொழு உரம், ஒன்றுக்கு எதுவுமே கிடையாது. வருஷம் மாறினாலும் பாத்திக்குப் பாத்தி உரம் மாறாது. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் 1843-ல் தொடங்கிய சோதனையின் தம்பி என்று சொல்லலாம். நூறு வருஷங்களைத் தாண்டியும் அது தொடர்கிறது. பிற்காலத்தில் அங்கே கேழ்வரகும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் பயிரானது.

அந்த வயல் சொன்ன செய்தி என்ன? தழைச்சத்தை மட்டும் கொட்டினால் பயன் நீடிக்காது. மணிச்சத்து போடாத பாத்திகள் காலப்போக்கில் எதுவுமே போடாத பாத்திகளின் பக்கம் சரிந்தன. எல்லாச் சத்தும் சமமாகக் கிடைத்த பாத்திகளும், தொழு உரம் சேர்ந்த பாத்திகளும் தாக்குப் பிடித்தன. இவ்வளவு பொறுமையாக நூறு வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயலைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தி கூட இல்லாதது அநியாயம்.

மழை நிலத்துக்கென்று தனியாக யோசித்தது 1930-களில். சோலாப்பூர், பிஜாப்பூர், ரோதக், ராய்ச்சூர், பெல்லாரி பக்கத்து ஹகரி (அப்போது சென்னை மாகாணம்) ஆகிய இடங்களில் உலர் சாகுபடி ஆராய்ச்சி நடந்தது. பயிர் அப்போது சோளமும் பருத்தியும்தான், மக்காச்சோளம் இல்லை. ஆனால் இன்று கரிசலில் மக்காச்சோளத்துக்குச் சொல்லப்படுகிற உழவு முறைகளின் வேர் அங்கேதான். சரிவுக்குக் குறுக்கே உழு, வரப்பு போடு, பலுகு ஓட்டி மேல் மண்ணைக் கிளறி வெடிப்பை மூடு, நெருக்கமாக விதைக்காதே, மழைநீர் தேங்கும்படி வயல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் எடு. பலன் கிடைத்தது, ஆனால் பிரமாதமாக இல்லை. ஈரத்தைச் சேமித்தாயிற்று, அந்த ஈரத்தை விளைச்சலாக மாற்றச் சத்தும் இல்லை, சத்தைத் தாங்கும் ரகமும் இல்லை. உழவு மட்டும் போதாது என்பது கையிலே தெரிந்தது. 1970-ல் அகில இந்திய அளவில் மானாவாரி ஆராய்ச்சித் திட்டம் வந்தது. 1901-ல் பருத்திக்காகத் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் அதில் ஒரு மையமானது.

இதற்கிடையில் மக்காச்சோளம் தன் வழியில் வளர்ந்தது. 1957-ல் இந்தியாவின் முதல் ஒருங்கிணைந்த பயிர் ஆராய்ச்சித் திட்டம் இதற்காகத்தான் தொடங்கியது, நெல்லுக்கும் கோதுமைக்கும் முன்பே! 1961-ல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. ஆனால் தமிழ்நாட்டில் அதை யார் வாங்குவது? சோறு தின்னும் ஊரில் மக்காச்சோளத்துக்கு மதிப்பில்லை. நாமக்கல் கோழிப் பண்ணைகள் பெருகிய பிறகுதான் மார்க்கெட் உருவானது. பெரம்பலூர் கரிசலில் நிலக்கடலையும் சோளமும் இருந்த இடத்தில், புரட்டாசிப் பட்டத்தில் மழையை நம்பி மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். ஆள் செலவு குறைவு, வாங்க வியாபாரி வாசலுக்கே வருகிறார். வேறென்ன வேண்டும்?

வீரிய ரகம் வந்தால் அதன் பின்னாலேயே உர மூட்டை வரும். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. தண்ணீர் வசதியுள்ள வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து முறையே 250:75:75 கிலோ. அதே பயிருக்கு மானாவாரிக் கரிசலில் 40:20:0, செம்மண்ணில் 60:30:30 தான். ஏக்கருக்கு மாற்றிப் பாருங்கள். தழைச்சத்து முழுவதையும் யூரியாவில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், இறவையில் 45 கிலோ மூட்டை சுமார் ஐந்து. கரிசல் மானாவாரியில் ஒரு மூட்டை கூட முழுதாகத் தேவையில்லை! ஏன் இவ்வளவு வித்தியாசம்? யூரியா ஈரம் இல்லாத மண்ணில் கிடந்தால் பயிருக்குப் போகாது, அம்மோனியாவாகக் காற்றில் போகும். பயிர் உறிஞ்சினாலும் ஆபத்து. தழை மண்டி வளர்ந்து இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்துவிடும், கருது பால் பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்துவிடும். மானாவாரியில் உரத்தின் அளவை மழைதான் தீர்மானிக்கிறது. இது தெரியாமல் இறவைக் காட்டுக்காரர் போட்டதைப் பார்த்துப் போட்டால் காசு ஆவியாகப் போகிறது, நிஜமாகவே.

அதனால் இன்னொரு வழி சொல்கிறார்கள். 750 கிலோ தொழு உரத்தில் மணிச்சத்து உரத்தைக் கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக்கி அடியில் போடுவது. மேலுரத்தைப் பிரித்து, மழை விழுந்த பிறகு மட்டும் போடுவது. மழை வரவில்லையா, மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். வியாபாரத்தில் இதற்குப் பெயர் நஷ்டத்தைக் குறைப்பது. இளங்குருத்து வெள்ளையாக வந்தால் (வெள்ளைமொட்டு என்பார்கள்) அது துத்தநாகச் சத்துக் குறை, அதற்கு எத்தனை யூரியா போட்டாலும் தீராது.

அரசாங்கத்தின் விலைக் கொள்கையோ விவசாயியை எதிர்த் திசையில் தள்ளியது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தது. யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே வைத்தார்கள். அதற்கு முன் டன் 9,350 ரூபாயாக இருந்த டி.ஏ.பி. 2012-ல் 24,000-ஐத் தாண்டியது. 4,455 ரூபாயாக இருந்த பொட்டாஷ் 16,000-ஐத் தாண்டியது. யூரியா 5,360-லேயே நின்றது. இந்த மூன்று எண்களைப் பார்க்கும் எந்த மனிதரும் எதை வாங்குவார்? கோயம்புத்தூர் வயல் எதைச் செய்யாதே என்று நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதைச் செய்யச் சொல்லி விலைப்பட்டியல் சொன்னது. விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுவது சும்மா. அவர் விலையைப் படித்தார், அவ்வளவுதான்.

உழவிலும் இதே மாதிரி ஒரு மாற்றம். மாடு போய் டிராக்டர் வந்தது. கொக்கிக் கலப்பையும் ரோட்டாவேட்டரும் மேல் மண்ணை மாவாக்கிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் ஓட்ட ஓட்ட, டிராக்டரின் கனமும் சேர்ந்து கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகும். மழை உள்ளே இறங்காது, வேரும் இறங்காது. மேலே போட்ட உரம் அந்த மேலோட்டமான மண்ணோடு காயும். இதற்கு மருந்தாக வந்ததுதான் உளிக்கலப்பை. மண்ணைப் புரட்டாமல், ஓர் அடிக்கு மேல் ஆழத்தில் கீறி அந்தத் தட்டை மட்டும் உடைக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். "அகல உழுவதை விட ஆழ உழு" என்ற பழமொழி உளிக்கலப்பைக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. செலவைப் பார்த்தாலும், யூரியா ஒரு பட்டத்தோடு முடிந்துவிடும், உடைத்த தட்டு அடுத்த இரண்டு மூன்று பட்டத்துக்கும் மழையை உள்ளே விடும். முதலீடு என்று சொல்லத் தகுதியானது இதுதான்.

2018-ல் வந்தது பெரிய அடி. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு ஆப்பிரிக்கா வழியாக அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டது. சில மாதங்களில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் காடுகளில் குருத்துக்குள் உட்கார்ந்து தின்று தீர்த்தது. உழவும் சரி, உரமும் சரி, ஈரமும் சரி, எல்லாம் இருந்தும் கருது இல்லை. கடன் மட்டும் இருந்தது. நின்ற பயிரையே டிராக்டர் விட்டு அழித்தவர்கள் உண்டு. அரசு நிவாரணம் அறிவித்தது. அதன் பிறகு வந்த பரிந்துரைகளில் முதல் வரி என்ன தெரியுமா? கோடை உழவு! புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது, ஆழ உழுதால் வெயிலிலும் பறவையிடமும் மாட்டும், கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு போடு என்றார்கள். நீரை விடக் காவல் மேல் என்று வள்ளுவர் முடித்தது இந்த இடத்தில் ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை.

இவ்வளவு தூரம் உழவின் பெருமையைப் பேசிவிட்டு, உழவே வேண்டாம் என்கிற கட்சியைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1930-களில் அமெரிக்காவின் சமவெளிகளில் அளவுக்கு மீறி உழுத மண் புழுதிப் புயலாகப் பறந்தது. 1943-ல் எட்வர்ட் பாக்னர் என்பவர் கலப்பையே குற்றவாளி என்று ஒரு புத்தகம் போட்டார். 1962-ல் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமல், களைக்கொல்லியின் துணையோடு மக்காச்சோளம் விதைத்துக் காட்டினார். மெக்சிகோவில் குச்சியால் குழி போட்ட பயிர் சுற்றிச் சுற்றி பழைய இடத்துக்கே வந்துவிட்டது!

அது நம் பக்கமும் வந்தது, ஆனால் வறண்ட காட்டுக்கு அல்ல, டெல்டாவுக்கு. ஆந்திராவில் குண்டூர் பகுதியின் கிருஷ்ணா பாசன நிலங்களில் நெல் அறுத்த பின் உளுந்து போடுவார்கள். மஞ்சள் தேமல் நோயும் கொடிக் களையும் உளுந்தைக் கெடுக்க, 2000-களில் விவசாயிகள் உழாமலேயே நெல் தாள்களுக்கு நடுவே குழி போட்டு மக்காச்சோளம் ஊன்ற ஆரம்பித்தார்கள். விளைச்சல் நன்றாகவே வந்தது. ஆனால் நெல்லுக்குப் பின் அந்த மண்ணில் தழைச்சத்து கம்மி, அதனால் உழவில் மிச்சமான காசு உரத்துக்கும் களைக்கொல்லிக்கும் போனது. காவிரி டெல்டாவுக்கும் நெல் தரிசில் மக்காச்சோளம் போடும் யோசனை சொல்லப்பட்டிருக்கிறது.

கருக்களாச்சேரிக்கு உள்ளே தள்ளி இருக்கும் கடைமடை வயல்களுக்கு உழாத சாகுபடி ஒன்றும் புதிதல்ல. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் வீசிவிடுவார்கள். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. பூக்கும்போது இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் பெரிய விஷயம். மீதி எல்லாம் பனியும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். அறுவடை மெஷின் வந்த பிறகு அதன் சங்கிலிச் சக்கரம் முளைத்த பயிரை நசுக்கிவிடுகிறது. அறுத்து முடித்து விதைக்கலாம் என்றால் அதற்குள் ஈரம் போய்விடுகிறது. ஆக, உழவையே மறந்திருந்த அந்த வயல்களிலும் இப்போது டிராக்டரை ஒரு ஓட்டு விடலாமா, வேண்டாமா என்று வரப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.